சுவடி துடைக்கும் நாள்

தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 200 சொல். ஒரு நாளும் தவறாமல் 50 வருடம் எழுதுகிறார். கல்யாணம், பிள்ளைப்பேறு, கடன், காய்ச்சல், கிணறு வற்றிய கோடை, அப்பா போன இரவு எல்லாம் அதில் இருக்கின்றன. அத்தனையையும் வெறும் எழுத்துக் கோப்பாகக் கணினியில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் வைத்தால், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். சொல்லுக்குச் சராசரியாக எட்டுக் குறி என்றால் பக்கத்துக்கு 5 கிலோபைட் வரும். 50 வருடத்துக்கும் சேர்த்துச் சுமார் 90 எம்பி. பேரன் கேக் வெட்டுவதைக் கைப்பேசியில் ஓரிரு நிமிடம் படம் பிடித்தால் அவ்வளவு இடமும் தீர்ந்துவிடும்.

இவ்வளவுதானா ஒரு வாழ்க்கை என்று சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். எனக்கு இந்தக் கணக்கு ஒரு நிம்மதியைத் தந்தது. திருக்குறள் 1330 பாட்டும் சுமார் 200 கிலோபைட்டில் அடங்கிவிடும், கைப்பேசியில் எடுக்கிற ஒரு சாதாரணப் படத்தைவிடச் சிறியது. மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதுகிற எதுவும் அதிக இடம் கேட்பதில்லை. அப்படியானால் என் கணினியில் நூற்றுக்கணக்கான ஜிபி நிறைந்து கிடக்கிறதே, அதெல்லாம் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரே செம்பருத்தியை ஒரே கோணத்தில் எடுத்த வரிசைப் படங்கள். பேங்க் அறிக்கை ஒன்று, அதே அறிக்கை அடைப்புக்குள் ஒன்று போட்டு மறுபடி, இரண்டு போட்டு இன்னொரு தடவை. எப்போதாவது படிக்கலாம் என்று இறக்கிவைத்த புத்தகங்கள். எந்தக் கூட்டத்தில் என்று நினைவில்லாத ஒலிப்பதிவு. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த நேரத்து ஆசை ஒன்று இருக்கிறது, 'விட்டுப்போய்விடுமோ' என்ற சின்னப் பயமும் இருக்கிறது. தியானத்தில் உட்காரும்போது மனம் எடுத்துப் போடுகிற சாமான்களும் ஏறக்குறைய இதே ரகம்தான். அங்கே அவற்றைத் தேதிவாரியாக வரிசைப்படுத்த முடியாது. இங்கே முடிகிறது.

வாட்சப் கோப்புறையைத் திறந்தால் பிள்ளையார். தாமரை மேல் பிள்ளையார், காபி டம்ளருக்குப் பக்கத்தில் பிள்ளையார், செவ்வாய்க்கிழமை என்றால் முருகன், வெள்ளிக்கிழமைக்கு மகாலட்சுமி. குடும்பக் குழுவில் பெரியப்பா விடிவதற்குள் அனுப்பிவிடுவார். இவற்றை அழிக்க மனம் வராமல் போனே திணற நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். "சாமி படத்தை எப்படிங்க டெலீட் பண்றது?" நியாயமான கேள்விதான். பதிலைப் பிள்ளையாரே சொல்லியிருக்கிறார். சதுர்த்திக்குக் களிமண்ணில் பிடித்து, எருக்கம்பூ மாலை போட்டு, கொழுக்கட்டை படைத்துக் கும்பிட்டு, பிறகு குளத்திலோ கிணற்றிலோ கரைக்கிறோம். யாரும் அதை அவமரியாதை என்று நினைப்பதில்லை. வந்த காரியம் முடிந்தது, போய்வா. பெரியப்பா அனுப்பிய படத்துக்கும் ஒரு காரியம் உண்டு: மனிதர் இன்றைக்கும் நல்லபடியாக எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வது. அதைப் பார்த்த கணத்திலேயே அது முடிந்துவிட்டது.

ஆன்மிகத்தில் நாட்டமுள்ள நண்பர் ஒருவருக்கு என்னுடைய இந்த ஒழுங்குபடுத்தும் வேலையே பிடிக்காது. எல்லாமே நிலையாதது, இதில் கோப்புறை எதற்கு, பெயர் எதற்கு, பேக்கப் எதற்கு என்பார். அவரிடம் நான் ரமணரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த அந்த இளைஞர் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கோவணமும் கமண்டலமும்தான். அதே மனிதர் பிற்காலத்தில் ஆசிரமத்தில் உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சுழல் புத்தக அலமாரி இருந்தது. பேச்சில் ஒரு பாட்டோ குறிப்போ வந்தால் அதிலிருந்து எடுத்துக் காட்டுவார். வந்த காகிதங்களில் எழுதாத பகுதி இருந்தால் அதை வெட்டிச் சேர்த்துச் சின்ன நோட்டாகத் தைத்துக்கொள்வார். அவருக்குச் சொந்தம் என்று ஒரு காகிதத் துண்டும் இல்லை. ஆனாலும் கைக்கு வந்த காகிதத் துண்டை அலட்சியமாக எறிந்ததும் இல்லை. பற்றில்லாமல் இருப்பதற்கும் பொறுப்பில்லாமல் இருப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்தத் தைத்த நோட்டுகளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. ரமணர் செய்தால் சரி, நீர் செய்தால் பற்று என்றார். அதிலும் உண்மை இருக்கிறது.

நம்முடைய பழைய நூல்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்பதை யோசித்தால் இந்த விஷயம் இன்னும் கொஞ்சம் தெளிகிறது. பனையோலை என்னதான் பக்குவம் செய்தாலும் சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. எண்ணெய் தடவலாம், கரி பூசலாம், செல்லரிக்காமல் துணியில் கட்டி வைக்கலாம். கடைசியில் அது நொறுங்கத்தான் செய்யும். நொறுங்குவதற்கு முன்னால் யாராவது புது ஓலையில் பார்த்து எழுத வேண்டும். சங்கப் பாட்டு இன்று நம்மிடம் இருக்கிறது என்றால், அது எழுதப்பட்ட முதல் ஓலை இருப்பதால் இல்லை. அந்த ஓலை எப்போதோ மண்ணாகிவிட்டது. அதைப் பார்த்து எழுதியவர், அவர் எழுதியதைப் பார்த்து எழுதியவர் என்று பெயர் தெரியாத வரிசை ஒன்று அறுபடாமல் இருந்ததால்தான் இருக்கிறது. படி எடுத்து முடித்த பிறகு பழைய ஏட்டை ஆற்றில் விடுவதோ தீயில் சேர்ப்பதோ வழக்கம். எடுத்தலும் விடுதலும் ஒரே சடங்கின் இரண்டு பாதி.

ஒரு காலகட்டத்தில் முதல் பாதி மறந்துபோயிற்று. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையில் கரிவலம்வந்தநல்லூர் ஒரு கசப்பான இடம். கோயிலில் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்ய வேண்டும் என்று ஆகமம் சொல்வதாக அங்கே பதில் வருகிறது, செய்தும் விட்டிருந்தார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன சுவடிகளும் உண்டு. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்தியோடுதான் விட்டார்கள். படி எடுக்கிற கை இல்லாமல் போனபின் விடுகிற கை மட்டும் பழக்கத்தில் இயங்கிக்கொண்டிருந்தது.

நம் காலம் தலைகீழ். விடுவது நமக்கு மறந்துவிட்டது. படி எடுப்பதை எங்கோ தூரத்தில் இருக்கிற கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிட்டோம். படங்களும் கடிதங்களும் தாமாகவே மேலே போய் எங்கேயோ தங்குகின்றன, நாம் அவற்றைத் தொடுவதே இல்லை. 1990களில் பலர் ஆசையாகக் கட்டிய வீட்டுப் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 2013இல் கூகுள் ரீடர் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கடை நடத்துகிறவர் ஒரு நாள் கடையை மூடத்தான் செய்வார். நம்முடைய ஏடுகளைக் கடையிலேயே விட்டுவைத்திருந்தோமா என்பதுதான் நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஏடுகளை நம் கையிலேயே வைத்துக்கொள்ள உள்ளூர்க் கருவிகள் இருக்கின்றன, அவை பெரிய வித்தை ஒன்றுமில்லை. என் கணினியில், என் மேசையில், இணையம் இல்லாத போதும் திறக்கிற சாதாரண எழுத்துக் கோப்பு. அதை எழுத எந்த எடிட்டரும் போதும். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் சொந்தக் குறிப்புகளை ஒழுங்கு செய்துகொள்ளத் தொடங்கிய ஆர்க் மோட் இருக்கிறது. இப்போது பலர் கையாளும் ஆப்சிடியன் இருக்கிறது, அதில் எழுதுவது எல்லாம் நம் டிஸ்கிலேயே மார்க்டவுன் கோப்புகளாக உட்கார்ந்துவிடும். நாளை அந்தச் செயலி இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். இங்க் அண்ட் ஸ்விட்ச் என்ற ஆய்வுக் குழு 2019இல் ஒரு கட்டுரை எழுதி இந்த அணுகுமுறைக்கு 'முதலில் உள்ளூர்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தது. தேடுவதற்கு, 1973இல் கென் தாம்சன் எழுதிய கிரெப் இன்றும் போதும். அதே தாம்சன்தான் 1992இல் ராப் பைக்கோடு சேர்ந்து நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த காகிதத்தில், யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார். நாம் தமிழில் எழுதிச் சேமிக்கிற ஒவ்வொரு வரியும் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் டிஸ்கில் இறங்குகிறது.

எங்கள் மாமா ஒருவர் 1990களின் கடைசியில் தன் அம்மாவைப் பற்றி, அதாவது என் பாட்டியைப் பற்றி, கணினியில் சில பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அப்போது தமிழ் எழுதப் பாமினி எழுத்துரு. தமிழ் யூனிகோடில் 1991லேயே இடம்பெற்றுவிட்டாலும் அது நம் மேசைக்கு வந்துசேர ரொம்ப நாள் ஆயிற்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவருடைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். முதல் சொல்லே இப்படி: ஓர் எம், ஒரு கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஓர் எச். பாமினியில் எம் என்றால் அ. கே என்றால் ம. அரைப்புள்ளி என்றால் மெய்யின் புள்ளி. எச் என்றால் கால். அம்மா.

இதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன நிரல்கள் கிடைக்கின்றன. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாமினியில் எழுத்துகள் கண் பார்க்கிற வரிசையில் நிற்கும். 'கொ' எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வந்து, உயிர்க்குறி அதன் பின்னால் வரும், வாய் சொல்கிற வரிசையில். ஆக, நிரல் எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். அதில் சில இடங்களில் தடுக்கும். கொம்பு தனியாகத் தொங்கும், ஒரு 'ணை' உடைந்து நிற்கும். ஆகவே நிரல் ஓடி முடிந்தபின் ஒவ்வொரு வரியாக நானே வாசித்துத் திருத்தினேன். பாட்டி அடுப்பங்கரையில் உப்பு ஜாடியை எந்தப் பக்கம் வைப்பாள் என்பது வரைக்கும் மாமா எழுதியிருந்தார். வெறுமனே படித்திருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். அதில் ஒரு 'ஜா' பிசகியிருந்ததால் அங்கே நின்றேன். பார்த்து எழுதுகிறவனுக்குத்தான் அந்த வேகம் கிடைக்கிறது, ஓர் எழுத்தைவிட அதிகமாக அவசரப்பட முடியாத வேகம். ஜபமாலை உருட்டுகிறவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பிற்பாடு பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். ஓலை எழுதியவர்களின் வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்தவர்கள் என்றே அவர்களை நினைக்கிறேன். அவர்கள் சம்பளம் வாங்கவில்லை.

கோப்புக்குப் பெயர் வைப்பதும் எனக்கு இதே ரகமான வேலையாகிவிட்டது. எதுவும் முதலில் 'வரவு' என்ற ஒரு கோப்புறைக்குள் வரும். வாரக் கடைசியில் அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, வைப்பதா விடுவதா என்று முடிவுசெய்து, வைப்பதென்றால் வருடம், மாதம், நாள், பிறகு இரண்டு மூன்று சொல் என்று பெயர் எழுதுவேன். தேதி முன்னால் இருந்தால் வரிசை தானாகவே அமைந்துவிடும். '2021-06-14-அத்தை-மருந்துச்சீட்டு'. இப்படி எழுதும்போது அந்த நாள் ஒரு கணம் எதிரே வந்து நின்றுவிட்டுப் போகிறது. அத்தை இப்போது இல்லை. மருந்துச்சீட்டு இனி யாருக்கும் வேண்டாம். அதை அழித்துவிட்டு, அன்று ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்தபடி அத்தை சொன்ன ஒன்றை நாட்குறிப்பில் இரண்டு வரியாக எழுதினேன். அந்த இரண்டு வரி ஒரு கிலோபைட்கூட இருக்காது.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஓர் உச்சி நாள் வேண்டாமா? அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. சமணர்கள் சுருத பஞ்சமி அன்று ஆகமச் சுவடிகளை வெளியே எடுத்துத் துடைத்து வணங்குவார்கள். நமக்குச் சரஸ்வதி பூஜை. முந்தின நாளே புத்தகங்களை இறக்கித் தூசி தட்டுவது, தறி, தையல் மிஷின், ஸ்பானர் என்று அவரவர் கருவிகளைக் கழுவுவது எல்லாம் பூஜைக்கு முந்தைய சடங்கு. நான் அந்த நாளில் ஹார்ட் டிஸ்குகளை எடுக்கிறேன். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு ஒன்று உண்டு, அதையேதான் பின்பற்றுகிறேன். வெளியே இருக்கிற அந்த ஒன்று கிளவுடிலேயே இருந்தாலும் சரி, அதில் எனக்குத் தீட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அது மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 1996இல் வந்த ஆர்சிங்க் என்ற நிரல் பழைய படியையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுத்துப் போடும். பிறகு செக்சம் பார்ப்பேன். ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்தில் ஒரு கையொப்பம் வரும். உள்ளே ஒரே ஒரு புள்ளி பிசகினாலும் கையொப்பம் முழுவதும் மாறிவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகள் சரி, சரி, சரி என்று திரையில் ஓடும். நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வருடத்தில் எனக்குக் கிடைக்கிற நல்ல தியானங்களில் அது ஒன்று.

முடிந்ததும் டிஸ்கைப் புத்தகங்களோடு சேர்த்துப் பூஜையில் வைத்துவிடுவது வழக்கம். வீட்டில் முதலில் சிரித்தார்கள். இப்போது அதன் உறைக்கு அவர்களே சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள், யூஎஸ்பி துளையில் மட்டும் படாமல்.

சரஸ்வதி பூஜையன்று எதையும் படிக்கக் கூடாது என்பார்கள். சிறுவயதில் அது ஒரு சலுகை. மறுநாள் விஜயதசமி காலை புனர் பூஜை முடித்து, புத்தகத்தை எடுத்துக் கொஞ்சமாவது படித்தாக வேண்டும். இந்த இரண்டாம் நாளின் அருமை எனக்கு டிஸ்குகளோடு பழகிய பிறகுதான் புரிந்தது. படி எடுத்து வைத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிடியின் சாயம் மங்கிவிடும். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் வைத்த எஸ்எஸ்டி தன்னிடம் உள்ளதை இழக்கக்கூடும். சுழலும் டிஸ்க் ஒரு நாள் சுழலாமல் நிற்கும். வைத்ததைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தால்தான் அது இருக்கிறதா என்று தெரியும். கணினித் துறையில் இதைப் படித்துப் படித்துச் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் அதற்கு ஒரு நாளே ஒதுக்கி, தெய்வத்தின் பெயரால் கட்டாயமும் ஆக்கியிருக்கிறார்கள். விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து எடுத்த டிஸ்கைச் சொருகி, கண் போன இடத்தில் ஒரு கோப்பைத் திறந்து முழுக்கப் படிப்பேன். ஒரு வருடம் மின்கட்டண ரசீது வந்தது. அதையும் முழுக்கப் படித்தேன்.

எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே ஒரு கோப்பு இருக்கிறது. பெயர் 'முதலில்-இதைப்-படி'. மகளுக்காக எழுதியது. எந்த டிஸ்கில் என்ன இருக்கிறது, டிஸ்கின் பாஸ்வேர்ட் எழுதிய காகிதம் பீரோவில் எங்கே இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எது, உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய படங்கள் எவை, பார்க்காமலேயே அழித்துவிடலாம் என்பவை எவை. கடைசிப் பகுதியில் நாட்குறிப்புகளையும் சேர்த்திருந்தேன். நான் போனபின் அவை யாருக்கு என்று நினைத்து.

போன மாதம் அவளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"டயரியை ஏம்ப்பா அழிக்கச் சொல்றீங்க? அதுல அம்மாவைப் பத்தி நிறைய இருக்குமே."

இருக்கும்தான். அம்மாவோடு போட்ட சண்டையும் இருக்கும். அதைச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாததா?" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டு 'உன் இஷ்டம்' என்று எழுதினேன். சேமித்து, இரண்டு டிஸ்கிலும் ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது படி தம்பி வீட்டில் இருக்கிறது, அடுத்த முறை போகும்போது மாற்ற வேண்டும்.